செய்யாறும் அதன் ஏரிகளும்

தொண்டை நாட்டில் ஆண்டு முழுவதும் நீர் ஓடும் பேராறு இல்லை. காவிரியைப் போலப் பரந்த கழிமுகமும், பொருநையைப் போல இரு பருவமழைகளாலும் நிறையும் நீரோட்டமும் அந்நாட்டிற்கு வாய்க்கவில்லை. மழை நாளில் சில நாள் வெள்ளம் பெருகும். பிறகு வெண்மணல் தோன்றும். இவ்வாறிருந்தும், அந்நாட்டு மக்கள் பன்னூறு ஆண்டுகளாக நெல் விளைத்தனர், கோயில் எடுத்தனர், ஊர்தோறும் அவை கூட்டி அறம் ஆய்ந்தனர். வற்றும் ஆற்றை வைத்துக்கொண்டு இத்துணையும் செய்வது எவ்வாறு இயன்றது?

இயற்கை குறைத்துக் கொடுத்ததை அறிவினாலும் ஒற்றுமையினாலும் அவர்கள் நிறைவு செய்தார்கள். சில நாள் ஓடும் நீரைப் பல திங்கள் நிற்கும் நீராக மாற்றினார்கள். அதற்கு அவர்கள் கண்ட வழியே ஏரி. ஆறும் ஏரியும் தாயும் மகளும் போல இணைந்து வாழ்ந்த நாடு தொண்டை நாடு. அவ்வுறவின் இயல்பை அறிய, திருவண்ணாமலை மாவட்டத்துக் கலசப்பாக்கம் வட்டாரம் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

கலசப்பாக்கம் செய்யாற்றின் கரையில் அமைந்த ஊர். வட ஆர்க்காடு மாவட்டம் 1989ஆம் ஆண்டு இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது, இப்பகுதி திருவண்ணாமலை மாவட்டத்தில் சேர்ந்தது. தெற்கே அண்ணாமலையார் கோயில் கொண்ட திருவண்ணாமலை, வடக்கே போளூர், வடகிழக்கே பட்டு நெசவால் பெயர் பெற்ற ஆரணி, மேற்கே நெடுஞ்சுவர் போல நிற்கும் சவ்வாது மலை. நெல்லும் கரும்பும் வேர்க்கடலையும் இவ்வட்டாரத்தின் விளைபொருள்கள்.

மலையும் காடும்

ஓர் ஆற்றை அறிய விரும்புவோர் முதலில் அது பிறக்கும் மலையை அறிதல் வேண்டும். செய்யாற்றின் பிறப்பிடம் சவ்வாது மலை. இது கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இது பரவிக் கிடக்கிறது. இதன் முகடுகள் சில 3000 அடிக்கு மேல் உயர்ந்தவை. மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் இம்மலையில் வாழ்கின்றனர். அவர்கள் சாமை முதலிய சிறுதானியங்களை விளைப்பர். தேனும் புளியும் கடுக்காயும் திரட்டுவர். சந்தன மரத்திற்கு இம்மலை நெடுங்காலமாகப் பேர் பெற்றது. பீமன் மடவு என்னும் அருவியும், கோமுட்டேரி என்னும் மலையேரியும் காண்பார் கண்ணைக் கவர்வன. மலையின் மற்றொரு பகுதியில் உள்ள காவலூரில் வானாய்வு நிலையம் ஒன்று அமைந்துள்ளது. அங்கு நிறுவப்பெற்ற பெரிய தொலைநோக்கிக்கு 1986ஆம் ஆண்டு வைணு பாப்பு என்னும் வானியல் அறிஞரின் பெயர் சூட்டப்பட்டது.

மலைக்காட்டிற்கும் வயலுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். மழைத்துளி வெற்றுப் பாறையின் மேல் விழுந்தால், அது நின்று பாராமல் ஓடிவிடும்; ஓடும்போது மண்ணையும் அரித்துச் செல்லும். அதே துளி மரத்தின் இலையில் விழுந்து, கிளையில் வழிந்து, தரையில் கிடக்கும் சருகில் இறங்கினால், விரைவு தணிந்து மண்ணுக்குள் புகும். புகுந்த நீர் நாள் பல கழித்து, ஊற்றாகவும் ஓடையாகவும் வெளிப்படும். காடு அடர்ந்த மலை, மழை நின்ற பின்னும் நீர் தரும். காடு அழிந்த மலை, மழை பெய்யும்போது வெள்ளத்தையும், நின்றபின் வறட்சியையும் தரும். ஆகவே, சவ்வாது மலையில் வெட்டப்படும் ஒவ்வொரு மரமும் கலசப்பாக்கத்து உழவரின் வயலில் ஒரு பிடி நெல்லைக் குறைக்கிறது எனலாம்.

இவ்வட்டாரத்தில் தனித்து ஓங்கி நிற்கும் மற்றொரு மலை பருவதமலை. தென்மாதிமங்கலம், கடலாடி ஆகிய ஊர்களின் பக்கமிருந்து அடியார்கள் இதில் ஏறுவர். உச்சியில் மல்லிகார்ச்சுனர் கோயில் உள்ளது. ஏறும் வழியில் ஓரிடத்தில் பாறை செங்குத்தாக நிற்கிறது. அங்குப் பாறையில் கடப்பாறைகளை அடித்துப் படிகளாக அமைத்துள்ளனர்; பற்றிக்கொள்ள இரும்புச் சங்கிலியும் உண்டு. அதனைக் கடப்பாறைப் படி என்பர். முழுமதி நாளில் திரளான மக்கள் இம்மலையில் ஏறுகின்றனர்.

சங்கப் புலவர் கண்ட ஆறு

செய்யாறு புதிதாகப் பேர் பெற்ற ஆறு அன்று. பத்துப்பாட்டில் பத்தாவது பாட்டாகிய மலைபடுகடாம் இவ்வாற்றைச் சேயாறு என்று குறிக்கின்றது. பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் என்னும் புலவர் 583 அடிகளால் பாடிய பாட்டு அது. கூத்தராற்றுப்படை என்பது அதன் மற்றொரு பெயர். பரிசில் பெற்ற கூத்தன் ஒருவன், பரிசில் நாடி வரும் மற்றொரு கூத்தனுக்கு வழி காட்டும் முறையில் அது அமைந்தது. பாட்டுடைத் தலைவன் நன்னன் என்னும் குறுநில மன்னன். பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மா அவனுடைய ஊர். அதுவே இன்றைய செங்கம் என்பர் அறிஞர். அப்பாட்டில் வரும் நவிரம் என்னும் மலையைப் பருவதமலை என்று கருதுவாரும் உளர்.

வழி காட்டும் கூத்தன், மன்னனின் கொடையை மட்டும் கூறி நிறுத்தவில்லை. எவ்வழி பாறை நிறைந்தது, எங்கே வழுக்கும், எங்கே விலங்கு வரும், எந்த ஊரார் விருந்தோம்புவர் என்பனவற்றையெல்லாம் எடுத்துரைக்கின்றான். ஆற்றின் கரை வழியே செல்லும் இனிமையையும் சொல்கின்றான். மலையின் பல்வேறு ஒலிகளை அவன் கேட்டுச் சொல்லும் பகுதி அப்பாட்டிற்கே சிறப்புத் தருவது. அருவி வீழும் ஓசையும், தினைப்புனம் காப்போர் ஓசையும், யானையின் ஓசையும் கலந்து எழும் அம்மலை, உயிர் நிறைந்த மலையாக இருந்தது என்பது இதனால் விளங்கும். ஏட்டில் இருந்த பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் 1889ஆம் ஆண்டு டாக்டர் உ. வே. சாமிநாதையர் அச்சிட்டு வெளியிட்டார். அவர் முயன்றிராவிட்டால், இவ்வாற்றின் பழம்புகழ் பலருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

பெயரும் பழங்கதையும்

சேய் என்னும் சொல்லுக்கு மைந்தன் என்பதும், செந்நிறம் என்பதும், முருகன் என்பதும் பொருளாகும். இம்மூன்று பொருளையும் இணைத்து ஆற்றங்கரை மக்கள் ஒரு கதை வழங்குகின்றனர். உமையம்மை காஞ்சியிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் வழியில், வாழைப்பந்தல் என்னும் இடத்தில் வாழையால் பந்தர் அமைத்து வழிபாடு செய்ய எண்ணினாள். அங்கு நீர் இல்லை. அன்னையின் விருப்பறிந்த முருகன் தன் வேலை மலையின்மீது எறிந்தான். மலை பிளந்து ஆறு பெருகிற்று. ஆனால், அம்மலையில் தவம் செய்துகொண்டிருந்த முனிவர் எழுவர் வேலினால் மாண்டனர்; அவர்தம் குருதி கலந்ததால் நீர் சிவந்து ஓடியது. அப்பழி தீர ஆற்றின் ஒரு கரையில் ஏழும் மறுகரையில் ஏழுமாகச் சிவன் கோயில்கள் எழுந்தன.

காஞ்சி, கடலாடி, மாம்பாக்கம், மாதிமங்கலம், எலத்தூர், பூண்டி, குருவிமலை ஆகிய ஏழு ஊர்களின் கோயில்களை ஏழு கறைக்கண்டம் என்பர். கறைக்கண்டன் என்பது நஞ்சு தங்கிக் கறுத்த மிடற்றினை உடைய சிவனைக் குறிக்கும் பெயர். மண்டகொளத்தூர், கரைப்பூண்டி, தென்பள்ளிப்பட்டு, பழங்கோயில், நார்த்தாம்பூண்டி, தாமரைப்பாக்கம், வாசுதேவம்பட்டு ஆகிய ஏழு ஊர்களின் கோயில்களை ஏழு கயிலாயம் என்பர்.

கதையின் உட்பொருள் நோக்கத்தக்கது. நன்மையை எண்ணி ஆற்றைத் தோற்றுவித்தபோதும், அதனால் பிறருக்கு விளைந்த தீங்கிற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பது இதன் கருத்து. நீரைத் தன் பக்கம் திருப்புவோர், அதனால் துன்புறுவோரை மறத்தல் ஆகாது. இந்த அறம் பின்னர் ஏரி முறையிலும் வெளிப்படக் காணலாம்.

ஆண்டுதோறும் இரதசப்தமி நாளில், திருவண்ணாமலை அண்ணாமலையார் கலசப்பாக்கத்திற்கு எழுந்தருளுவார். அவ்வூர்த் திருமாமுடீசுவரர் அவரை எதிர்கொள்வார். செய்யாற்றில் தீர்த்தவாரி நடைபெறும். ஆற்றின் மணற்பரப்பில் சுற்றுவட்டாரத்து ஊரார் எல்லாரும் கூடுவர்.

ஆற்றின் போக்கு

சவ்வாது மலையில் தோன்றும் செய்யாறு செங்கத்தின் வழியாக ஓடிவந்து, கலசப்பாக்கத்தைக் கடந்து, போளூர் வட்டாரத்தில் புகுந்து, வடகிழக்காகச் செல்கிறது. மிருகண்டா நதி என்னும் சிற்றாறும் சவ்வாது மலையில் பிறந்து இதனோடு சேர்கிறது. படவேட்டுப் பக்கமிருந்து வரும் கமண்டல நதியும் நாக நதியும் ஒன்றாகி, கமண்டல நாகநதி என்னும் பெயருடன் ஆரணியைத் தொட்டுச் சென்று, செய்யாற்றில் கலக்கின்றன. பட்டிற்குச் சாயம் ஏற்றும் தொழிலுக்கு நல்ல நீர் இன்றியமையாதது. ஆதலின், உழவரைப் போலவே நெசவாளரும் ஆற்றின் நலத்தை நாடுவோரே ஆவர்.

பின்னர்ச் செய்யாறு திருவோத்தூரை அடைகிறது. திருஞானசம்பந்தர் ஆண்பனையைப் பெண்பனையாக்கிய அற்புதம் நிகழ்ந்ததாகப் போற்றப்படும் தலம் அது. ஆற்றின் பெயரே அவ்வூருக்கும் இன்று செய்யாறு என வழங்குகிறது. அதன்பின் காஞ்சிபுர மாவட்டத்துத் திருமுக்கூடலில், பாலாறு, வேகவதி, செய்யாறு என்னும் மூன்றும் கூடுகின்றன. அவ்வூர்க் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. 15 படுக்கைகளைக் கொண்ட மருத்துவமனை ஒன்று அங்கு 11ஆம் நூற்றாண்டில் நடைபெற்றதை அது தெரிவிக்கிறது. மூன்றாறும் கலந்த பாலாறு வாயலூர் அருகே வங்கக் கடலில் சேர்கிறது.

மணலுக்குள் ஓடும் ஆறு

கோடையில் செய்யாற்றைக் காண்பவர், “இஃது ஆறா, மணல்வெளியா?” என்று வியப்பர். ஆனால், அம்மணலுக்குக் கீழே ஆறு ஓடிக்கொண்டுதான் இருக்கும். மணற்பருக்கைகளுக்கு இடையே உள்ள இடைவெளிகளில் நீர் தங்கும். வெயில் அதனை எளிதில் குடித்துவிட முடியாது. முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். ஆற்று மணலில் ஆழமான கால் தோண்டி, அதில் ஊறும் நீரை மெல்ல மெல்லக் கரைக்குக் கொண்டுவந்து வயலில் பாய்ச்சினர். அதற்கு ஊற்றுக்கால் என்று பெயர். பாலாற்றிலும் செய்யாற்றிலும் ஊற்றுக்கால்கள் பல இருந்தன. ஒவ்வோராண்டும் வெள்ளம் வந்து அவற்றைத் தூர்க்கும். வெள்ளம் வடிந்தபின் ஊரார் கூடி மீண்டும் தோண்டுவர்.

மணல் கட்டடத்திற்கு உதவும் பொருள் மட்டும் அன்று. அது ஆற்றின் நீர்ப்பை. மணலை அளவின்றி அள்ளினால், ஆற்றுப்படுகை தாழும். படுகை தாழ்ந்தால், வாய்க்காலின் தலைமடை மேடாகிவிடும். வெள்ளம் வந்தாலும் நீர் வாய்க்காலில் ஏறாது. கரையோரக் கிணறுகளும் வற்றும்.

ஏரியின் உறுப்புகள்

ஏரி என்பது வெறும் பள்ளம் அன்று. அது பல உறுப்புகளைக் கொண்ட ஓர் அமைப்பு. மூன்று பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் சரிவாகவும் உள்ள இடத்தைத் தேர்ந்து, சரிவுப் பக்கத்தில் வளைந்த கரை எழுப்புவர். ஆற்றிலிருந்தோ காட்டோடையிலிருந்தோ நீரைக் கொணர்வது வரத்துக்கால். தேங்கிய நீரை வயலுக்கு அளந்து விடுவது மதகு. மதகிலிருந்து பிரிந்து செல்வன பாசனக் கால்கள். ஏரி நிரம்பியபின் மிகுந்த நீர் கரையை உடைக்காமல் வெளியேறுவதற்குக் கல்லால் கட்டிய தாழ்வாய் கலிங்கு. கலிங்கு வழியும் நீரைச் சுமந்து செல்வது போக்குக்கால். ஏரி நீரால் விளையும் நிலப்பரப்பு ஆயக்கட்டு.

கரையில் பனை நடுவர். அதன் வேர் மண்ணைப் பற்றும். கோடையில் ஏரி வற்றியபோது அடியில் படிந்த வண்டலை வண்டியில் ஏற்றி வயலில் இடுவர். இதனால் ஏரி ஆழமாகும். வயலும் உரம் பெறும். ஏரியில் தேங்கிய நீர் நிலத்துள் இறங்கி, ஆயக்கட்டின் கிணறுகளையும் நிரப்பும். மீனும் கோரையும் பறவையும் ஏரியால் வாழும். செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரியில் ஆண்டுதோறும் வந்து கூடு கட்டும் நீர்ப்பறவைகளை, அவ்வூரார் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தனர். அவ்வேரி 2022ஆம் ஆண்டு ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய நீர்நிலையாக ஏற்கப்பட்டது.

ஏரிகள் தனித்தனியே நிற்பவை அல்ல. மேல் ஏரியின் கலிங்கு வழியும் நீர் கீழ் ஏரிக்கு வரத்தாகும். அது நிரம்பினால் அதற்கும் கீழுள்ள ஏரிக்குச் செல்லும். இவ்வாறு சங்கிலித் தொடராக அமைந்த ஏரிகளில் ஒரு துளி நீர் பலமுறை பயன் தரும். இலங்கையின் வறண்ட பகுதியிலும் இத்தகைய குளத்தொடர்கள் உண்டு. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் அவற்றை 2017ஆம் ஆண்டு உலக வேளாண் மரபுச் சிறப்புகளுள் ஒன்றாக ஏற்றது. நம் தொண்டை நாட்டு ஏரித்தொடரும் அதற்கு ஒப்பானதே.

கலிங்கின் நீதி

ஏரித்தொடரில் ஒரு சிக்கல் உண்டு. மேல் ஏரிக்காரர் தம் கலிங்கை ஒரு சாண் உயர்த்தினால், அவர்களுக்குச் சில நாள் நீர் மிகும். ஆனால் கீழ் ஏரிக்கு வரும் நீர் குறையும். அதே வேளையில், நீர் பின்னோக்கி ஏறி, மேட்டுப்புறத்தார் வயலையும் மூழ்கடிக்கும். கலிங்கைத் தாழ்த்தினாலோ, தம் நீரையே இழப்பர். ஆகவே, கலிங்கின் உயரம் என்பது கல்லின் அளவு மட்டும் அன்று; ஊருக்கும் ஊருக்கும் இடையே உள்ள ஒப்பந்தத்தின் அளவு. அதனை ஓரூரார் தாமே மாற்றுவது அறமாகாது. பெருவெள்ளத்தில் மேல் ஏரி உடைந்தால், அந்நீர் பாய்ந்து கீழ் ஏரியும் உடையும். மேலூரின் மடிமை கீழூரின் அழிவாகும். இதனால், ஒருவர் கரையை மற்றவரும் காக்க வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது.

ஊருக்குள்ளும் இதே நிலைதான். மதகுக்கு அருகில் நிலம் உடையவர் முதலில் நீர் பெறுவர். கடைமடையில் உள்ளவர் காத்திருப்பர். நீர் குறைந்த ஆண்டில் முறை வைத்துப் பாய்ச்சினால்தான் கடைமடை பிழைக்கும். இம்முறையைக் காக்க நீர்க்கட்டி என்னும் பணியாளரை ஊரார் நியமித்தனர். இரவும் பகலும் கால்வழியே நடந்து, மடை திறந்து மடை அடைத்து, எல்லார் வயலுக்கும் நீர் பங்கிட்டவர் அவர். அவர்களுள் பெரும்பாலோர் சொந்த நிலம் இல்லாத ஏழைகள். பிறர் வயலுக்கு நீர் பாய்ச்சி, அறுவடையில் அளக்கும் நெல்லைக் கூலியாகப் பெற்று வாழ்ந்த அவர்களின் நேர்மையே ஏரி முறையின் அச்சாணியாக இருந்தது.

ஏரி வாரியமும் குடிமராமத்தும்

செய்யாற்று நீரால் நிரம்பும் ஏரிகளுள் உத்திரமேரூர் ஏரியும் ஒன்று. அவ்வூர்க் கல்வெட்டுகள் உலகப் புகழ் வாய்ந்தவை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் அவை வெட்டப்பட்டன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடவோலை முறையில் உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களுள் அறுவர் ஏரி வாரியத்தில் அமர்ந்து, ஓராண்டுக் காலம் ஏரியைப் பேணினர். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் தேர்தலில் நிற்றல் கூடாது என்று விதித்திருந்தனர். பொதுநீரை ஆள்வோரின் கை தூயதாக இருத்தல் வேண்டும் என்னும் கொள்கை, ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே கல்லில் பொறிக்கப்பட்டது. ஆயினும், நிலம் உடைய அந்தணர்க்கே அச்சபையில் இடம் இருந்தது. உழுத கைகளுக்கும் மகளிர்க்கும் இடம் இல்லை என்பதையும் மறத்தல் ஆகாது. அன்று இல்லாத சமத்துவம் இன்று சட்டத்தால் கிடைத்துள்ளது. ஆனால், அன்று இருந்த பொறுப்புணர்வு இன்றும் இருக்கின்றதா என்பதே கேள்வி.

ஊரார் கூடி வரத்துக்கால் தூர்வாரி, கரையை உயர்த்தும் வழக்கம் குடிமராமத்து எனப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் நீர்நிலைகளின் பொறுப்பு அரசுத் துறைகளின் கைக்குச் சென்றது. ஊராரின் உரிமை குறையக் குறைய, அவர்களின் ஆர்வமும் குறைந்தது. குடிமராமத்தைக் கட்டாயம் ஆக்க 1858ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அன்பினால் நடந்த பணியைக் கட்டாயத்தினால் நடத்த முடியவில்லை. பின்னர், 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் பொதுப்பணித் துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருந்துவந்தன. 2017ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு குடிமராமத்து என்னும் பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கி, ஏரிகளைச் செப்பனிட முற்பட்டது.

கிணறும் அணையும்

ஏரி தளர்ந்தபோது உழவர் கிணற்றை நாடினர். கவலை ஏற்றத்தின் இடத்தை மின்பொறி பிடித்தது. வட ஆர்க்காட்டில் இம்மாறுதல் மிக விரைவாக நடந்தது. 1970களில் கேம்பிரிட்சு, சென்னைப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் இம்மாவட்டத்துச் சிற்றூர்களில் நெல் வேளாண்மையை ஆராய்ந்தனர். அவ்வாய்வு 1977ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது. புதிய நெல்வகையும் உரமும் வந்தபோதிலும், நிலத்தடி நீரே விளைவிற்கு எல்லை வகுக்கிறது என்பதை அவ்வாய்வு சுட்டியது. கிணறு தனியார் உடைமை. ஆனால் அதில் ஊறும் நீர் ஏரி தந்த பொதுச்செல்வம். ஏரியை மறந்து கிணற்றை மட்டும் ஆழமாக்குவது, வேரை வெட்டிவிட்டுக் கனிக்குக் காத்திருப்பது போன்றது.

இவ்வட்டாரத்தில் அணைகள் சிலவும் கட்டப்பட்டுள்ளன. செங்கத்தின் அருகே செய்யாற்றின் குறுக்கே அமைந்த குப்பநத்தம் அணை ஏறத்தாழ 700 மில்லியன் கன அடி நீரைக் கொள்ளும். படவேட்டின் அருகே கமண்டல நதியில் அமைந்த செண்பகத்தோப்பு அணையின் கொள்ளளவு ஏறத்தாழ 287 மில்லியன் கன அடி. கலசப்பாக்கம் வட்டத்து மேல்சோழங்குப்பத்தின் அருகே உள்ள மிருகண்டா அணை ஏறத்தாழ 87 மில்லியன் கன அடி கொள்ளும்.

இவ்வெண்களின் பொருளை ஒரு கணக்கால் உணரலாம். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரம் நீர் நிற்க 43,560 கன அடி வேண்டும். மிருகண்டா அணையின் நீர் முழுவதையும் பரப்பினால், ஏறத்தாழ 2000 ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும். ஒரு போகம் நெல்லுக்கு ஏறத்தாழ நான்கடி நீர் வேண்டும் என்று கொண்டால், மழையின் துணையின்றி அந்நீர் 500 ஏக்கருக்கே போதும். ஆகவே, அணை ஒன்றே எல்லார்க்கும் வாழ்வளிக்க இயலாது. அணை திறந்த நீரை ஏரிகள் ஏற்க வேண்டும். மழை நீரும் ஏரிகளில் சேர வேண்டும். ஒருமுறை வற்றிய ஏரி மறுமுறை நிறைய வேண்டும். வரத்துக்கால் தூர்ந்து கிடந்தால், அணை நிறைந்தும் ஏரி வறண்டு கிடக்கும்.

அண்டையில் உள்ள தென்பெண்ணையாற்றின் சாத்தனூர் அணை இவற்றினும் மிகப் பெரியது. 1958ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பெற்ற அவ்வணை 7321 மில்லியன் கன அடி நீரைத் தேக்கும். பூங்கா சூழ்ந்த அவ்விடத்திற்கு மக்கள் மகிழ்வுலாச் செல்வர். 2024ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் கரை கடந்தபோது, அத்துணைப் பெரிய அணையும் வெள்ளத்தை அடக்க இயலவில்லை. டிசம்பர்த் தொடக்கத்தில் நொடிக்கு ஒன்றரை இலட்சம் கன அடிக்கு மேற்பட்ட நீரை வெளிவிட நேர்ந்தது. கீழ்நாட்டு ஊர்கள் பல நீரில் மூழ்கின. அந்நாள்களில் திருவண்ணாமலையில் மண் சரிந்து எழுவர் உயிரிழந்தனர். பெருமழையை ஓரிடத்தில் அடக்க முயல்வதோடு, ஓராயிரம் இடங்களில் பகிர்ந்து ஏற்பதும் வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. தமிழ்நாட்டில் 39,000க்கு மேற்பட்ட ஏரிகள் உள்ளன. அவை பகிர்ந்து ஏற்கும் ஆற்றல் படைத்தவை.

செய்ய வேண்டுவன

இன்று பல ஏரிகளைச் சீமைக்கருவேலும் ஆகாயத்தாமரையும் மூடியுள்ளன. வரத்துக்கால்கள் சில வயல்களாகிவிட்டன, சில, மனைகளாகிவிட்டன. ஒருவர் ஒரு முழம் நிலத்தை வளைத்துக்கொண்டால் என்ன கெட்டுவிடும் என்று எண்ணுகிறார். நூறு பேர் அவ்வாறு எண்ணும்போது கால் மறைந்துவிடுகிறது. பெருமழை பெய்யும் நாளில் நீர் தன் பழைய வழியைத் தேடி வரும். அங்கே வீடு இருந்தாலும் அது விலகிச் செல்லாது.

ஆற்றங்கரை ஊர்களின் மாணவர் தம் ஊர் ஏரிக்கு எங்கிருந்து நீர் வருகிறது, அதன் கலிங்கு வழிந்தால் எந்த ஊருக்குச் செல்கிறது, மதகுகள் எத்தனை, ஆயக்கட்டு எவ்வளவு என்பனவற்றை முதியோரிடம் கேட்டு எழுதிவைத்தல் நன்று. பெயர் தெரிந்த கால்வாயை யாரும் எளிதில் மறைத்துவிட முடியாது. பருவதமலைக்குச் செல்வோர் ஞெகிழிக் குப்பைகளை அங்கே விட்டுவராமல் இருப்பதும் ஆற்றிற்குச் செய்யும் தொண்டே. ஏனெனில், மலையில் எறிந்தது மழையில் இறங்கி ஏரியில்தான் சேரும்.

சவ்வாது மலைக்காடு, செய்யாற்று மணல், ஊர்தோறும் உள்ள ஏரி ஆகிய இம்மூன்றும் ஒரே உடம்பின் உறுப்புகள். ஒன்று நலிந்தால் மற்றவை வாழா. மேலே இருப்போர் கீழே இருப்போரை எண்ணி நீரை விடுதலும், இன்று வாழ்வோர் நாளை வாழ்வோரை எண்ணி மணலையும் மரத்தையும் விட்டுவைத்தலும் ஆகிய இரண்டுமே ஏரி கற்பிக்கும் பாடங்கள். கூத்தன் ஒருவன் தான் நடந்த வழியைப் பின்வருவோனுக்கு எடுத்துச் சொன்ன நாடு இது. முன்னோர் வெட்டிய வழியைப் பின்வருவோர்க்குத் தூர்க்காமல் ஒப்படைப்பதே இன்றுள்ளோர் கடமையாகும்.

பயிற்சி

1. தொண்டை நாட்டில் ஏரிகள் மிகுதியாக அமைந்தமைக்குக் காரணம் யாது?
2. காடு அடர்ந்த மலைக்கும் காடு அழிந்த மலைக்கும் நீர் தருவதில் உள்ள வேறுபாட்டை விளக்குக.
3. சேயாறு என்னும் பெயர் பற்றி வழங்கும் கதையைச் சுருக்கி எழுதுக.
4. ஆற்று மணலை ஆற்றின் நீர்ப்பை என்பது ஏன்?
5. வரத்துக்கால், மதகு, கலிங்கு, ஆயக்கட்டு ஆகியவற்றின் பயனைக் கூறுக.
6. கலிங்கின் உயரத்தை ஓரூரார் தாமே மாற்றினால் விளையும் தீங்குகள் யாவை?
7. உத்திரமேரூர் ஏரி வாரியத்தின் சிறப்பையும் குறையையும் எடுத்துரைக்க.
8. குப்பநத்தம் அணையின் நீர் எத்தனை ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும் என்பதைக் கணக்கிடுக.
9. உங்கள் ஊர் நீர்நிலை ஒன்றின் வரத்தையும் போக்கையும் கேட்டறிந்து இரண்டு பக்க அளவில் கட்டுரை வரைக.